மூன்றாவது பாட்டு தப்பு

என் தம்பிக்கு ஒரு வியாதி உண்டு. பாட்டைக் கேட்க மாட்டான், விசாரிப்பான். எங்கேயாவது ஒரு பாட்டு ஒலித்தால் போதும், பேசிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பான்.

"இதுல கிதார் வாசிக்கிறது யாரு தெரியுமாக்கா? வெல்வெட் ப்ளம்பர்ஸ் குழுவுல முதல்ல டிரம்ஸ் வாசிச்சவனோட மச்சான். ரெண்டு பேருக்கும் சண்டை வந்து இவன் தர்ஸ்டே பட்டன்ஸ் குழுவுக்குப் போயிட்டான். அந்தக் கோவத்துல அவன் எழுதின பாட்டுதான் நேத்து உன் கார்ல ஓடுச்சே, அது."

நேற்று என் காரில் என்ன ஓடியது என்று யாருக்குத் தெரியும்? நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். எனக்குப் பாட்டு என்றால், பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்திருப்பவரின் கை நடுக்கத்தைக் கொஞ்சம் குறைக்கிற ஒரு சத்தம். அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது.

கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத இரண்டு பெரியம்மாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால், சாப்பாடு முடிவதற்குள் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்க ஓரகத்தியோட சித்தப்பா மகன், எங்க நாத்தனாருக்குக் கொழுந்தன் முறை என்று. தம்பியும் அவன் கூட்டாளிகளும் பாட்டுக்குச் செய்வது அதைத்தான். இந்தப் பாட்டும் அந்தப் பாட்டும் ஒரே அறையில் பதிவானது, இந்தக் குழுவுக்கும் அந்தக் குழுவுக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு, அவன் இவனுக்கு ஒன்றுவிட்ட டிரம்மர். கேட்டுக்கேட்டு என் காது புளித்துப்போயிற்று.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் கெட்டிக்காரன். ஆனால் கல்யாணப் பேச்சு மட்டும் ஒவ்வொரு முறையும் பாதி மாடியில் நின்றுவிடும். கடைசியாக எங்கள் அத்தை ஒரு பெண்ணைப் பார்த்து, இருவரும் ஒரு காபிக் கடையில் பேசட்டும் என்று ஏற்பாடு செய்தாள். கடையில் ஏதோ பாட்டு ஓடியிருக்கிறது. இந்தப் புண்ணியவான் அந்தப் பெண்ணிடம், பாட்டில் முக்கால்வாசி தாண்டியதும் பின்னால் இருமுவது யார் என்பதை விளக்கியிருக்கிறான். அவள் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். இன்றைக்கு வரை கழுவிக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் பைத்தியங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் இடம் கொடுத்திருக்கும் பெரிய பைத்தியம் நான். என் ஸ்கூல் வகுப்பறையில்தான் அவர்களுடைய பாட்டு வினாடி வினா. சுவரெல்லாம் போக்குவரத்துச் சின்னங்கள். கரும்பலகையில் நாற்சந்தி ஒன்று நிரந்தரமாக வரையப்பட்டிருக்கும், அதன் ஓரத்தில் மார்க் எழுதிக்கொள்வோம். மணி அடிப்பதற்குப் பதிலாக மேஜைக்கு ஒரு ஹாரன், பழைய கார்களில் கழற்றியது. எல்லாவற்றுக்கும் சேர்த்து மூலையில் ஒரு பேட்டரி. நடு மேஜை ஹாரன் மட்டும் மனநிலை சரியில்லாதது. சில நாள் அழுத்தினால் சிக்கிக்கொண்டு அலறும், வயரைப் பிடுங்கினால்தான் அடங்கும்.

வாரம் ஒருவர் கேள்வி போடுவார். கடைசிச் சுற்றுக்குத்தான் இவர்கள் உயிரை விடுவார்கள். ஐந்து பாட்டு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம். ஐந்துக்கும் என்ன தொடர்பு என்று கண்டுபிடிக்க வேண்டும், பத்து மார்க். ஐந்தாவது பாட்டு முடியும்வரை ஹாரனில் கை வைக்கக் கூடாது. முந்தி அழுத்தினால் பதில் சொல்லலாம், மார்க் கிடையாது. குருட்டாம்போக்கில் அடித்துப் பார்க்கிறவர்களுக்காகப் பல் டாக்டர் கொண்டுவந்த விதி அது.

இன்னொரு விதியும் அவர் கொண்டுவந்ததுதான். கேள்வி போடுகிறவர் கடைசிச் சுற்றுக்கு முன்னால் என் காதில் பதிலைச் சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. சந்தேகம் வந்தால் நான்தான் சாட்சி. "மேடமுக்குப் பாட்டுல ஒண்ணும் தெரியாது. அதனால யாருக்கும் உதவி பண்ண முடியாது. அதுதான் தகுதி" என்றார் டாக்டர். இதைவிட மரியாதையாக என்னை யாரும் ஒரு பதவியில் உட்காரவைத்ததில்லை.

பல் டாக்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கெட்டவர் இல்லை, தோற்கத் தெரியாதவர். கிளினிக்கிலிருந்து நேராக வருவார், மாஸ்க் தாடையில் தொங்கும். கூட அவருடைய சகலை வருவார். அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. டாக்டரோடு சேர்ந்து அப்படியாகிவிட்டாரா, இல்லை டாக்டரிடம் வாயைத் திறக்க எல்லாருக்கும் இருக்கிற பயமா என்று தெரியாது. வருடக் கோப்பை இந்த இருவர் வீட்டு அலமாரியில்தான் இருந்தது, கண்ணாடிக்காரி வருகிறவரைக்கும்.

அவள், என் தம்பி வேலை பார்க்கும் கட்டடங்களில் ஒன்றில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். முதல் சனிக்கிழமை அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து, நடு மேஜையில் உட்கார்ந்தாள். அப்பா மில்லில் தறிகளுக்கு நடுவே வேலை பார்த்துக் காதைத் தொலைத்தவர். பாட்டு வினாடி வினாவுக்குக் காது கேட்காத ஒருவரை ஜோடி சேர்த்துக்கொண்டு வந்த ஒரே ஆள் அவள்தான். அவர் பிஸ்கட்டுக்காக வருகிறார் என்று நினைத்தேன். நாம் பேசும்போது நம் வாயையே பார்ப்பார். பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று நான் நாக்கால் துழாவிக்கொள்வேன். டாக்டர் மாஸ்க்கோடு பேசினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "அதைக் கழட்டிட்டுப் பேசும்யா" என்பார்.

அவளுடைய ஆட்டம் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றும். பதில் தெரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரியும். ஆனால் அழுத்த மாட்டாள். ஐந்தாவது பாட்டு முடிந்து, கடைசிச் சத்தமும் தேய்ந்து, மின்விசிறி ஓடுவது கேட்க ஆரம்பித்த பிறகு, ஒரே ஒரு தடவை, மெதுவாக அழுத்துவாள். பச்சை விளக்கு விழுந்த பிறகும் இடமும் வலமும் பார்த்துவிட்டுக் காரை எடுக்கிற ரகம். பின்னால் நிற்கிறவனுக்குத்தான் உயிர் போகும். ஒருநாள்கூட முந்தி அழுத்தியதில்லை, ஒருநாள்கூடத் தப்பானதும் இல்லை.

அவள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என் தம்பி கண்ணாடி போட ஆரம்பித்திருந்தான். அதை ஒருநாள் எடுத்து நான் போட்டுப் பார்த்தேன். வெறும் கண்ணாடி. ஜன்னலில் மாட்டலாம்.

"எதுக்குடா இது?"

"தூசிக்குக்கா."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இவன் எப்படிப்பட்டவன் என்றால், கிளட்ச்சை மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை அழுத்துகிறவன். இன்ஜின் தெருவுக்கே கேட்கும்படி உறுமும், வண்டி ஒரு இஞ்ச் நகராது.

அந்தச் சனிக்கிழமை கேள்வி போடும் முறை தம்பியுடையது. கடைசிச் சுற்றுக்கு முன்னால் டாக்டர் அணியும் கண்ணாடிக்காரியும் சமம். அந்த வருடக் கோப்பைக்கும் அதுதான் கடைசி நாள். டாக்டர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். தம்பி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தான், காதருகே குனிந்தான். மூச்சு சூடாக இருந்தது.

"அக்கா, அஞ்சு பாட்டும் நான் அவங்களைப் பார்த்தப்ப ஓடிக்கிட்டிருந்தது. முதல்ல லிஃப்ட் நின்னுபோன அன்னிக்கு லிஃப்ட்ல. ரெண்டாவது அவங்க கடையில, கண்ணு டெஸ்ட் பண்ணிக்கப் போனப்ப. மூணாவது சூப்பர் மார்க்கெட்ல. நாலாவது பஸ்ல. அஞ்சாவது இங்க, அவங்க முதல்ல வந்த அன்னிக்கு, உன் ரேடியோவுல. அதுதான் தொடர்பு."

சாக்பீஸ் என் கையில் உடைந்தது.

"கண்டுபிடிச்சா?"

"கட்டிக்கிறீங்களான்னு கேட்டுடுவேன்."

"கண்டுபிடிக்கலைன்னா?"

"அப்ப அவங்களுக்கு அந்த இடமெல்லாம் ஞாபகம் இல்லைன்னு அர்த்தம். ஞாபகம் இல்லாதவங்ககிட்ட போய் என்னத்தைக் கேட்கறது? கேட்கவே மாட்டேன். எப்பவுமே கேட்க மாட்டேன்."

"அடேய், நேரா கடைக்குப் போய்க் கேட்டா என்னடா?"

"நேரா கேட்க வந்திருந்தா நான் எதுக்குக்கா பவர் இல்லாத கண்ணாடி போட்டுக்கிட்டு அலையறேன்?"

சொல்லிவிட்டுத் தம்பி போய் எதிரே நின்றுகொண்டான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவனைப் பற்றி நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும், இவன் ராத்திரி தனியாகத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைப்பதைப் பார்க்கிறவள் நான்தான். இது நடக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

பாட்டுகள் ஓடின. எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். முதல் பாட்டு யாரோ படியிலிருந்து உருண்டு விழுவதுபோல ஆரம்பித்தது. இரண்டாவதில் ஒருவன் சளி பிடித்த குரலில் கெஞ்சினான். மூன்றாவது வெல்வெட் ப்ளம்பர்ஸ் பாடிய 'ரிமெம்பர் மை எல்போ'. தம்பி வீட்டில் அடிக்கடி போடுவதால் எனக்கே தெரியும். நான்காவதும் ஐந்தாவதும் ஒரே பாட்டு என்று நினைத்தேன், இல்லையாம்.

நான் கண்ணாடிக்காரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டில் தலையைச் சாய்த்தாள். இரண்டாவதில் லேசாகச் சிரித்தாள். ஆகா, வண்டி நகருகிறது என்று எனக்குள் ஒரு துள்ளல். மூன்றாவதில் புருவத்தைச் சுருக்கினாள், பிறகு அவள் விரல் மேஜையில் எதையோ எண்ண ஆரம்பித்தது. நான்கு, ஐந்து. பாட்டு முடிந்தது, தேய்ந்தது, மின்விசிறி கேட்டது. பாம்.

தம்பி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். "சொல்லுங்க."

"கைதட்டல்" என்றாள் அவள்.

"என்னது?"

"அஞ்சு பாட்டுலயும் பின்னாடி கைதட்டற சத்தம் வருது. தட்டினது ஒரே ஆள். இந்த அஞ்சும் பதிவான ஸ்டூடியோவோட கேன்டீன்ல சூப் ஊத்திக்கொடுத்துக்கிட்டிருந்த ஒரு அம்மா. தாளம் துளிகூடப் பிசகாதாம். அதனால யார் பாட்டுப் பதிவா இருந்தாலும் அவங்களைக் கூப்பிட்டு மைக் முன்னாடி நிறுத்திடுவாங்க. ரெக்கார்டு அட்டையில பேரே கிடையாது. ஆனா கையில மோதிரம் போட்டிருப்பாங்க. தட்டும்போது கூடவே சின்னதா டிக்னு ஒண்ணு கேட்கும். அதை வச்சுக் கண்டுபிடிக்கலாம்."

அறையே வாயைப் பிளந்தது. டாக்டரின் சகலைகூடத் திறந்துவிட்டார். தம்பி முதல் பாட்டை மறுபடி போட்டான். டிக். மூன்றாவதைப் போட்டான். டிக். எத்தனையோ தடவை கேட்ட பாட்டில் அவன் கேட்காத ஒரு கையை அவள் கேட்டிருக்கிறாள். வேறு நாளாக இருந்தால் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்திருப்பான்.

அன்றைக்கு அவன் முகம் மின்சாரம் போன லிஃப்ட் மாதிரி இருந்தது. அவளுக்கு எந்த இடமும் ஞாபகம் இல்லை, பாட்டுத்தான் ஞாபகம் இருக்கிறது. அவனைப் பொறுத்தவரை கதை முடிந்தது.

"சரியான பதில்" என்றான். "பத்து மார்க்."

பலகையில் பத்தை எழுதினேன். எனக்கு வந்த கோபத்துக்கு டஸ்டரை அவன்மேல் எறிந்திருப்பேன். மடையா, மடையா, மடையா. ஆனால் எனக்கு முன்னால் டாக்டர் எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம். இவர் முகத்தைப் பார்த்தா இவருக்கே இது புது விஷயம் மாதிரி இருக்கு. இவர் மனசுல இருந்த பதில் இது இல்ல. மேடம், உங்க காதுல சொன்னது இதுதானா?"

தம்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு அம்மாவிடம் சொல்லாதே என்று பார்ப்பானே, அது. நான் ஆமாம் என்றால் விஷயம் முடிந்தது. அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போவாள், இவன் வீட்டுக்கு வந்து ஒற்றைத் தட்டைக் கழுவுவான்.

"மேடம்?"

"இருங்க டாக்டர், யோசிக்கிறேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கேட்டதைச் சொல்லணும்."

அதற்குள் கண்ணாடிக்காரி என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் சிவந்திருந்தது. "அக்கா, எனக்கு யாரும் பாவப்பட்டு மார்க் போட வேணாம். அவர் என்ன சொன்னாரோ அதையே சொல்லுங்க. என் பதில் தப்புன்னா தப்பு."

"அக்கா, வேணாம்" என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா!" என்று கத்தினேன். பயிற்சி காரில் எனக்கென்று தனி பிரேக் இருக்கும், மற்றவன் தடுமாறினால் நான் மிதித்துவிடுவேன். இந்த அறையில் அப்படி ஒன்று இல்லை. வாயைத் திறந்தேன், எல்லாவற்றையும் கொட்டினேன். லிஃப்ட், கடை, சூப்பர் மார்க்கெட், பஸ், என் ரேடியோ. "இந்த அஞ்சு பாட்டும் உன்னைப் பார்த்தப்ப ஓடினதாம்மா. அதுதான் தொடர்பாம். நீ கண்டுபிடிச்சா உன்னைக் கட்டிக்கிறியான்னு கேட்கலாம்னு இருந்தானாம். கண்டுபிடிக்கலைன்னா ஜென்மத்துக்கும் கேட்க மாட்டானாம். போதுமா டாக்டர்? திருப்தியா?"

டாக்டர் மெல்ல உட்கார்ந்தார். மாஸ்க்கை இழுத்து வாய்க்கு மேல் போட்டுக்கொண்டார். தம்பி போக்குவரத்துச் சின்னங்களைப் புதிதாகப் படிக்க ஆரம்பித்தான்.

அப்போது கண்ணாடிக்காரியின் அப்பா பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்: "அதான் எனக்கு அப்பவே தெரியுமே."

"எப்ப தெரியும்?" என்றேன் நான்.

"தம்பி உன் காதுல சொன்னப்பதான்மா. மில்லுல தறிச் சத்தத்துல ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேட்குமா? எல்லாம் வாயைப் பார்த்துத்தான் பேச்சு. பவர் இல்லாத கண்ணாடின்னு சொன்னாரே, அதையும் பார்த்தேன்."

டாக்டர் மாஸ்க்கைக் கிழிக்காத குறையாகக் கீழே இழுத்தார். "அப்படின்னா ஒவ்வொரு வாரமும் மேடம் காதுல சொல்ற பதிலை நீங்க..."

"பார்ப்பேன். பொழுது போகணும் இல்ல?"

"அநியாயம்! அந்த மார்க்கெல்லாம்..."

"அட போங்க டாக்டர். ஒருநாள் இவகிட்ட ஒரே ஒரு பதிலைச் சொன்னேன். அந்த ராத்திரி எனக்குச் சோறு போடலை. அதுக்கப்புறம் நான் வாயைத் திறப்பனா?"

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, என் தம்பியை நேராகப் பார்த்து, வினாடி வினாக் குரலிலேயே சொன்னாள்:

"மூணாவது பாட்டு தப்பு."

தம்பி திரும்பினான். அவமானத்தில் செத்துக்கொண்டிருந்தவனுக்கு எங்கிருந்தோ உயிர் வந்தது. கட்டிக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தால் பேசாமல் போயிருப்பான். பாட்டு தப்பு என்றால் விடுவானா?

"தப்பா? இல்லீங்க. சூப்பர் மார்க்கெட்ல 'ரிமெம்பர் மை எல்போ'தான். நல்லா ஞாபகம் இருக்கு."

"நீங்க உள்ள வந்தப்ப அது ஓடுச்சு. பாதியில இருந்துச்சு, முடிஞ்சுடுச்சு. நீங்க ஷெல்ஃப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தீங்க. முட்டைத் தட்டைக் கீழ போட்டீங்க. நான் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன். ரெண்டு பேரும் உட்கார்ந்து துடைச்சோம். அப்ப ஓடினது 'சூட்கேஸ் ஃபுல் ஆஃப் ஸ்பூன்ஸ்'. முழுப் பாட்டும் ஓடி முடியற வரைக்கும் துடைச்சோம்."

"ஸ்பூன்ஸா?"

"ஸ்பூன்ஸ். அதுல கைதட்டலே கிடையாது, கரண்டியைத்தான் தட்டுவாங்க. நீங்க மட்டும் சரியான பாட்டைப் போட்டிருந்தா நான் கைதட்டல்னு சொல்லியே இருக்க மாட்டேன். லிஃப்ட் பாட்டு வந்தப்பவே எனக்கு லிஃப்ட் ஞாபகம் வந்துச்சு. ரெண்டாவது வந்தப்ப நீங்க கண்ணு டெஸ்ட்ல எல்லா எழுத்தையும் சரியா படிச்சுட்டுக் கண்ணாடி வேணும்னு அடம் பிடிச்சது ஞாபகம் வந்துச்சு. மூணாவது பொருந்தலை. சரி, நானா எதையோ கற்பனை பண்ணிக்கிறேன் போலன்னு அதை விட்டுட்டு வேற தொடர்பு தேடினேன்." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "எனக்கு எவ்வளவு அசிங்கமா இருந்துச்சு தெரியுமா?"

எனக்குப் பாட்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் பின்னால் வருகிற வண்டியைக் கண்ணாடியில் பார்க்கத் தெரியும். முட்டைக்கும் டிஷ்யூவுக்கும் கரண்டிக்கும் இவள் கணக்கு வைத்திருக்கிறாள். ஞாபகம் இல்லாதவளா இவள்? இந்த மடையன்தான் தப்பான பாட்டைப் போட்டு அவளை ராங் ரூட்டில் திருப்பிவிட்டிருக்கிறான்.

"நீங்க பாட்டு விஷயத்துல தப்பே பண்ண மாட்டீங்களே" என்றாள் அவள். "இது எப்படித் தப்பாச்சு?"

தம்பி கண்ணாடியைக் கழற்றினான். கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"உங்களைப் பார்த்ததுக்கு அப்புறம் என்ன பாட்டு ஓடுச்சுன்னு எனக்குக் கேட்கலைங்க" என்றான்.

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஓடுகிற பஸ்ஸில், நடுத்தெரு இரைச்சலில், மூன்றாவது கிதார்க்காரன் கம்பி மாற்றியிருக்கிறான் என்று சொல்கிறவன் அவன். ஒரு முழுப் பாட்டு அவன் காதில் விழாமல் போயிருக்கிறது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாக்பீஸ் தூள் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அவள் தம்பியையே பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கேள்வியே தப்பா இருந்தா அந்தச் சுற்றை மறுபடி நடத்தணும். அதுதானே விதி டாக்டர்?"

டாக்டர் தயங்கினார். விதி என்றால் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. "ஆமா. முதல் பத்து மார்க்கை எடுத்துடணும். திரும்ப முதல்லேர்ந்து."

"எடுத்துடுங்கக்கா. போடுங்க, சரியான பாட்டோட."

நான் பத்தை அழித்தேன். தம்பி மூன்றாவது இடத்தில் ஸ்பூன்ஸை வைத்தான். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஐந்து பாட்டு ஓட வேண்டும், அது முழுக்க முடிய வேண்டும், மின்விசிறி கேட்க வேண்டும், அதற்கப்புறம் இவள் இடமும் வலமும் பார்த்து அழுத்த வேண்டும். அதுவரை என் உயிர் தாங்குமா என்று நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. படியிலிருந்து ஆள் உருண்டு விழுகிற அந்தச் சத்தம்கூட இன்னும் முழுதாக விழவில்லை.

பாஆஆஆஆம்.

இரண்டு கையாலும் அழுத்தியிருந்தாள். நடு மேஜை ஹாரன் தன் குணத்தைக் காட்டிவிட்டது. கையை எடுத்த பிறகும் அலறியது. பாட்டு போன இடம் தெரியவில்லை. டாக்டர் காதைப் பொத்திக்கொண்டு, "முந்தி அழுத்திட்டாங்க! மார்க் கிடையாது!" என்று கத்தினார், அதை அவர் சைகையிலிருந்துதான் நான் புரிந்துகொண்டேன். தெருவில் யாரோ பதிலுக்கு ஹாரன் அடித்தார்கள். நான் பேட்டரியைப் பார்த்து ஓடினேன், வழியில் சகலையின் காலை மிதித்தேன்.

ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து நின்று தம்பியிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வரி, இன்னொரு வரி. தம்பி கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, என்ன, என்ன என்று தவித்தான். உலகத்தில் எல்லாச் சத்தத்தையும் பிரித்துக் கேட்கிறவனுக்கு, கேட்க வேண்டிய அந்த ஒன்று மட்டும் கேட்கவில்லை. அவள் மறுபடி சொன்னாள். ம்ஹூம். வயர் என் கையில் வழுக்கியது, வர மாட்டேன் என்றது.

அவளுடைய அப்பாதான் பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். மில்லில் தறிக்கு மேலே பேசிப் பழகிய குரல், அந்த ஹாரனையும் தாண்டி வந்தது.

"சம்மதம்னு சொல்றாப்பா! கட்டிக்கிறேன்னு சொல்றா! இவ்வளவு தெளிவா சொல்றா, ஏன் எல்லாரும் திருதிருன்னு முழிக்கிறீங்க?"

வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. திடீரென்று அப்படி ஓர் அமைதி. தம்பி நாற்காலியில் உட்காரப் போய், நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்தான். அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

டாக்டர்தான் முதலில் கைதட்டினார். எல்லாருக்கும் தெரிந்துவிட்ட பதிலை இனி அவர் சொன்னாலே கோப்பை அவருக்கு என்ற சந்தோஷமா, வேறு சந்தோஷமா என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தாளம் சுத்தமாக வராது. பிறகு சகலை தட்டினார், பிறகு எல்லாரும். ஒருவர் கை ஒருவர் கையோடு சேரவில்லை.

"இந்தக் கைதட்டலை எந்த ஸ்டூடியோவிலும் சேர்க்க மாட்டாங்க" என்றான் தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நான் கரும்பலகைக்குப் போய், நாற்சந்தி ஓரத்தில் அவள் பெயருக்கு நேரே பெரிதாக ஒரு சைபர் போட்டேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்பா என் பக்கம் குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"அதெல்லாம் சரிம்மா. மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர்தானே? எங்க கடை லிஃப்ட் மட்டும் ஏன் வாராவாரம் நின்னுபோகுது?"

தம்பி தரையைப் பார்த்தான்.